போர்வை மேடம் ரயிலேறிய கதை

துறைமுகத்துக்கு அலைக்கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் போர்வை மேடம் என்று பெயர். விடுப்பில் போகும்போது கணினியை விட்டு முறையாக வெளியேறி, திரையின் மேல் பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் கிளம்புவாள். பதினெட்டு வருடத்தில் பத்துத் தடவைகூடப் போர்த்தியிருக்க மாட்டாள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் எண்ணிப் பார்த்தா வைக்கிறார்கள்?

அந்தக் கணினி மேசைக்குக் கீழே சின்ன அலமாரி போல நின்றது. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று வேளையும் யாரும் தொடாமலே கடல் மிதவைகளின் அளவுகளை வாங்கி, அலை எவ்வளவு எழும் என்று கணக்குப் போட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பும். அது வந்தால்தான் படகுகளை விடுவார்கள். வராவிட்டால் துறைமுக எழுத்தர் கூப்பிடுவார். அவர் குரலுக்குத் தொலைபேசியே வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

இந்தக் கணினி வந்த ஒரு வருடமாக ஒரு வம்பு. அவள் வேலைக்கு வரும் நாளெல்லாம் தங்கமாக ஓடும். விடுப்பு எடுத்தால் நின்றுவிடும். இதனால் அவளுடைய அக்காவின் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. மாப்பிள்ளை பல் வைத்தியர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய் மனசையும் சேர்த்துப் பிடுங்கியவர். பதிவு அலுவலகத்தில் தங்கை சாட்சிக் கையெழுத்துப் போடாவிட்டால் பேனாவையே தொடமாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். தங்கையோ முதல் தடவை பேருந்து நிலையத்திலிருந்தும், இரண்டாம் தடவை ரயிலில் ஒரு நிறுத்தம் போய் இறங்கியும் திரும்பி ஓடிவந்தவள்.

மூன்றாவது தேதி நாளைக் காலை பதினொரு மணி. ரயில் இன்று மதியம் ஒன்றுக்கு.

காலை ஏழரைக்கே வந்து, துண்டைப் போர்த்தாமல் வெளியேறிச் சோதித்துப் பார்த்தாள். துண்டுச் சூட்டில்தான் கணினி சுருண்டுவிடுகிறது என்பது பழுது பார்க்கும் ஸ்க்ரூ சாரின் ஓராண்டுக் கட்சி. எட்டு மணிக் கணக்கு அப்போதும் வரவில்லை. எழுத்தரின் குரல்தான் வந்தது. துண்டு நிரபராதி.

அடுத்து கைப்பேசியில் அக்கா.

"ரயில் ஏறிடுவியாடி?"

"பன்னெண்டு மணிக்குத் தெரியும்க்கா."

"அவருக்குப் பாதி முடி ஏற்கெனவே போயாச்சு. இன்னொரு தடவை தள்ளிப்போட்டா மீதியும் போயிடும். மொட்டையோட எல்லாம் நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன்."

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "நீங்க இருந்தா ஓடுது, இல்லேன்னா நிக்குது. பேசாம இருந்துடுங்களேன் மேடம்."

"கல்யாணத்தை இங்க வச்சுக்கலாமா சார்?" என்றாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

'கோப்பு இல்லை' என்று கணினி குறிப்பு எழுதி வைத்திருந்தது. அவள் உள்ளே போய்ப் பார்த்தாலோ, பாலைக் குடித்த பூனை மாதிரி கோப்பு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கையால் ஓட்டினால் கணக்கும் ஓடியது. அவள் ஸ்க்ரூ சாரைக் கூப்பிட்டாள்.

"நான் எட்டிப் பார்த்தாலே நல்ல பிள்ளை ஆயிடுது ஸ்க்ரூ சார். நான் இல்லாதப்ப என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

"கேமரா வைக்கவா?"

"வேண்டாம். நான் வெளியே வந்துடறேன். நீங்க உங்க பேர்ல உள்ள போய், என் கோப்பெல்லாம் இருக்கற அறையைத் திறங்க."

அவர் திறந்தார். பதினெட்டு வருடச் சாமான் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரே ஒரு சின்னக் குறிப்பு மட்டும்: உரிமையாளர் உள்நுழைந்தால் இந்த அறை திறக்கும்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"தினம் வீட்டுக்குப் போறப்ப திரையை மட்டும்தான் பூட்டறேன். அப்ப நான் உள்ள இருக்கறதாத்தான் இது நினைக்குது. லீவுக்குப் போனா மட்டும் முழுசா வெளியேறிடறேன். உடனே கதவைச் சாத்திக்குது. கணக்குப் போடற மொத்தமும் அந்தக் கதவுக்குள்ள. இந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டது யாரு?"

ஸ்க்ரூ சார் மின்விசிறியை ஆராய்ந்தார். "புதுக் கணினியில உங்க பேரை ஏத்தறப்ப, அறைக்குப் பூட்டு வேணுமான்னு ஒரு கேள்வி கேட்டுது. நீங்க ஜாக்கிரதையான ஆளாச்சேன்னு ஆமான்னுட்டேன்."

"எங்கக்கா இன்னும் கன்னியா இருக்கறதுக்கு நீங்கதான் காரணம். உக்காருங்க, வேலை இருக்கு."

மணி பதினொன்று இருபது. கணக்கு நிரல்களையும் அளவுகளையும் பூட்டில்லாத பொது இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்தின் முகவரி எழுதியிருந்த பதினோரு வரிகளை அவள் சொல்லச் சொல்ல அவர் திருத்தினார். பத்துதான் ஆகியிருந்தது, பதினொன்றாவது அனுப்பும் நிரலின் அடியில் ஒளிந்திருந்தது. அதைக் காதைப் பிடித்து இழுத்து வந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு.

அவள் முழுதாக வெளியேறினாள். துண்டைப் போர்த்தினாள். மூவரும் தாழ்வாரத்தில் நின்று கண்ணாடி வழியே துண்டைப் பார்த்தார்கள். இயக்குநர் விட்ட மூச்சில் கண்ணாடியே மங்கியது.

பன்னிரண்டு ஆறுக்குத் தொலைபேசி அடித்தது. அந்த எழுத்தர் கணக்கு வராத நாளில் மட்டுமே கூப்பிடுகிறவர். அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

"மேடம், கணக்கு வந்துடுச்சு."

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. அப்ப நீங்க இன்னும் ரயிலேறப் போகாம அங்கதான் உக்காந்திருக்கீங்க, அப்படித்தானே?"

அவள் தொலைபேசியை வைத்தாள். நான்காவது மாடியிலிருந்து படியில் இறங்கிய வேகத்தில் லிஃப்ட் இரண்டாவதாகத்தான் வந்தது. இயக்குநர் அவளுடைய பெட்டியோடு அதில் இருந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில், மணமகனும் மணமகளும் ஒப்பமிட்டபின் சாட்சியிடம் பேனா வந்தது. அப்போது பார்த்து அவள் கைப்பேசி அதிர்ந்தது. ஆய்வுக்கூடத்து எண். பல் வைத்தியர் தன்னையறியாமல் தலைமுடியைத் தொட்டுக்கொண்டார். அக்கா பார்த்த பார்வையில் மேசை பற்றியிருக்க வேண்டும்.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"மேடம், எட்டு மணிக் கணக்கு டாண்ணு போயிடுச்சு," என்றார் ஸ்க்ரூ சார். "துண்டு ரொம்ப அழுக்கா இருக்கு. துவைச்சுப் போடட்டுமா?"

"நல்லா கசக்கித் துவைங்க," என்றாள். கைப்பேசியை அக்காவின் மடியில் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டாள். கோட்டைத் தாண்டி, ஓரம் வரைக்கும் போயிற்று அந்தக் கையெழுத்து.