விதை மாற்றத் தெரிந்த வீடு

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த வருஷம்தான் அம்சவல்லிக்குக் கல்யாணம் ஆனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. பாபநாசத்துக்குத் தெற்கே இருந்த குத்தகையில் பாதியை அவள் தாத்தா தன் மகள் பிரகதாம்பாள் பேரிலும், மீதியை மகன் தியாகேசன் பேரிலும் பதிந்தார். பதிந்த கையோடு, பங்கு பிரிந்துவிடக் கூடாதென்று மகள் வயிற்றுப் பேத்தியான அம்சவல்லியை மகனுக்கே கட்டிவைத்தார். தாய்மாமன்தானே, முறைதானே! அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மூத்தவன் இரண்டு வயதில் வெளுத்து, வயிறு உப்பிச் செத்தான். அடுத்தது பெண், அதற்கும் அதே வெளுப்பு, அதே வயிறு. பிரகதாம்பாள் பெற்ற மகளென்றும் பாராமல், "உன் வயித்துல என்னடி கோளாறு?" என்றாள். தியாகேசன் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர் தாய் தகப்பன் ரத்தத்தையும் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"தாய்மாமங்க."

"ரத்தம் ஊறுறதுக்கு அப்பாகிட்டேருந்து ஒரு கூறு, அம்மாகிட்டேருந்து ஒரு கூறு பிள்ளைக்கு வரும்மா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. நல்லது இருக்கறதால உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. ரெண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குப் போயிட்டா இப்படித்தான். ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு அந்த ஆபத்து இருக்கு. ஒரே வீட்டுலேருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கு."

"அப்ப என் வயித்துல கோளாறு இல்லீங்களா?"

"உன்கிட்ட பாதி, அவர்கிட்ட பாதி."

அந்தப் பாதியைக் கேட்டபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. பிள்ளை சாகப்போகிறது என்று தெரிந்தும் லேசானதே என்று பஸ்ஸில் அழுதாள். தியாகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண்ணும் போனது. துக்கம் ஆறுவதற்குள் வீட்டில் அடுத்த கல்யாணப் பேச்சு கிளம்பிவிட்டது. அம்சவல்லியின் தங்கை நீலாவதியைத் தியாகேசனுக்கே இரண்டாந்தாரமாகக் கொடுப்பதாம். வெளியே கொடுத்தால் வருகிற மாப்பிள்ளை பிரகதாம்பாள் பங்கைக் கேட்பானாம். இதற்குத்தான் சட்டம் போட்டு நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் போலிருக்கிறது!

"நீலாகிட்டயும் அந்தப் பழுது இருக்கலாம்மா. ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்துட்டாவது பண்ணுங்க" என்றாள் அம்சவல்லி.

"கன்னிப் பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி ரத்தம் எடுத்தா ஊரு என்ன பேசும்? எவன் கட்டுவான்?"

கட்டப்போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி அவரிடம் திரும்பினாள்.

"மாமா, ரெண்டு போகத்துக்கு ஒரு தரம் ஆடுதுறை நெல்லுப் பண்ணைக்குப் போயி விதை நெல்லு மாத்திக்கிட்டு வரீங்களே, எதுக்கு?"

"நம்ம விதையையே திரும்பத் திரும்பப் போட்டா வீரியம் போயிடும்."

"அது நெல்லுக்கு மட்டுந்தானா?"

தியாகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். டாக்டர் சொன்னதைக் காதாரக் கேட்ட மனுஷன். 'என்கிட்டயும் பாதி இருக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீலா தப்பித்திருப்பாள். அவர் போய்விட்டார். "ஆம்பளைக்கு ஏதுடி குறை?" என்று பிரகதாம்பாள் பேச்சை முடித்தாள்.

நீலாவுக்குப் பையன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான். ஒரு வயதாயிற்று, ஒன்றரை ஆயிற்று, வெளுக்கவில்லை. நாலில் மூன்று பங்கு அப்படித்தான் என்று அம்சவல்லிக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாதே! பார்த்தாயா, கோளாறு மூத்தவளிடம்தான் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள்.

ஒருநாள் யாருமில்லாத நேரம் பையனை மடியில் போட்டு, கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தாள். நல்ல சிவப்பு. அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அடுத்த நொடியே, என்ன பிறவி நான் என்று கூசிப்போய்ப் பையனை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

நீலா வாசலில் நின்றிருந்தாள். மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதே. இது பொறக்குற வரைக்கும் புள்ளைய நீ தொட வேணாம்னு அம்மா சொல்லுது. மாமாவும் சரின்னுட்டாங்க."

அம்சவல்லி பையனைக் கொடுத்துவிட்டாள். பாதி பாதி என்று சொன்ன டாக்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. இந்த வீட்டில் முழுப் பங்கும் அவள் பேருக்கே பதிவாகிவிட்டது.