நான் பிறந்த நாளின் மழை

நான் பிறந்த அன்று பெய்த மழை எனக்கு மனப்பாடம். அத்தா சொல்லிச் சொல்லி வந்த மனப்பாடம். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். ஐப்பசி மத்தியானம், அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி. மேலே தார்ப்பாய், உள்ளே வலியோடு அம்மா. அத்தா நனைந்துகொண்டே கூட நடந்தார். "மாட்டுக்குப் பாத தெரியாத மழ" என்பார். பெருநாளன்று பிரியாணி முடிந்து எல்லோரும் கண் சொருகிக் கிடக்கும்போது, வருஷம் தவறாமல் அந்த மழை எங்கள் வீட்டுக்குள் பெய்யும்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நான் மதுரையில் மழையைப் பற்றி ஆராயும் மாணவி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பல பத்து வருஷங்களாகப் பெய்த தினசரி மழை, கம்ப்யூட்டரில் ஒரே கோப்பில் இருந்தது. வேண்டிய காலத்தை வெட்டியெடுக்க, கறுப்புத் திரையில் ஒரு வரி போதும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை செல்டேட்; அதை அடித்து, தொடக்க நாள், முடிவு நாள், கோப்பின் பெயர். எண்டர் தட்டினால் மற்ற வருஷங்களெல்லாம் ஒதுங்கிக்கொள்ளும், கேட்ட நாட்கள் மட்டும் வந்து நிற்கும். சில சாயங்காலங்களில் வேலையில்லாமலே நாட்களைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாரல் விடாத ஒரு ஜூலை வாரம் வரும். யாருமே நினைவில் வைத்திருக்காத ஒரு செவ்வாய்க்கிழமை வரும். ஜன்னலுக்கு வெளியே மதுரை வெயில் காய்ந்துகொண்டிருக்கும், எனக்கு மண் வாசனை அடிக்கும்.

அப்படி ஒரு நாள் என் பிறந்த தேதியைப் போட்டேன். சைபர் என்று வந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "உங்கத்தா ரெண்டு வாட்டி தோட்டத்து மோட்டாரப் போட்டுட்டு மறந்து வந்துட்டாக. எனக்குப் பயமா இருக்கு." அதைக் கேட்ட பிறகும் வாயை அடக்காத மேதாவி நான். நேரே போய், "நான் பிறந்த அன்னைக்கு மழையே இல்லத்தா, டேட்டாவுல சைபர்னு இருக்கு" என்றேன்.

அத்தா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் இப்ப எல்லாம் கலங்குது" என்றார்.

அடுத்த பெருநாளில் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து, மழைப் பதிவேட்டைப் பார்க்க, எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் போயிருந்தேன். முந்தின சாயங்காலம் நல்ல மழை. காலை எட்டரைக்கு அங்கிருந்த ஊழியர் மழைமானியின் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, அன்றைய தேதியில் எழுதினார்.

"நேத்துப் பேஞ்ச மழைக்கு இன்னைக்குத் தேதியா?" என்று கேட்டேன்.

"காலையில அளக்குற தேதிதாம்மா கணக்கு. எல்லா ஊர்லயும் இதான் வழக்கம்."

மதுரைக்குத் திரும்பியதும் பிறந்த தேதிக்கு மறுநாளைப் போட்டேன். வந்தது மழை. அந்த ஐப்பசியிலேயே பெரிய மழை அதுதான். வெட்கமாக இருந்தது. அழுதேன். அடுத்த பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினேன்.

வீட்டில் அத்தா, அண்ணன் மகளை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க அத்தை பிறந்த அன்னைக்கு நல்ல வெயிலு. மண்ட காயுற வெயிலு. அதான் வண்டிக்கு மேல தார்ப்பாய் கட்டுனேன்."

வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் வெட்டியெடுத்த சைபருக்குத் தோதாக, தான் நனைந்ததையே அவர் அழித்துவிட்டிருந்தார்.

"மழைதான் பேஞ்சுச்சு அத்தா. நான்தான் தேதியத் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைவுக்குள் எங்கேயோ தேடினார். கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நல்ல மழையா?" என்று என்னிடம் கேட்டார்.

எத்தனை மில்லிமீட்டர் என்று பைக்குள் காகிதத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாட்டுக்குப் பாத தெரியாத மழத்தா" என்றேன்.