பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

சோலைமலை அண்ணன் இறந்த செய்தி ஒரு போஸ்டர் படமாக வந்தது. நம் வகுப்பு வாட்ஸப் குழுவில், மதியம். படத்தில் அவருக்குப் பின்னால், கணினியில் வரையக் கற்றுத்தரும் நம் கேட் (CAD) பயிற்சி மையத்தின் நீலச் சுவர். அடையாள அட்டைக்காக என் போனில் நான் எடுத்த படம் அது. வீட்டில் வேறு நல்ல படம் இல்லைபோல. அன்றைக்கு “சிரிங்கண்ணே” என்றேன். “அட்டைக்கு எதுக்குத் தாயி சிரிப்பு” என்றார்.

நெஞ்சு வலி. வாடிப்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. உங்களில் சிலருக்குப் பாதி தெரியும்.

நாமெல்லாம் பொறியியல் முடித்து, வேலை கிடைக்காமல் அந்த வகுப்புக்குப் போனவர்கள். அவர் ஐம்பதை நெருங்கிய டர்னர். லேத்தில் சுழலும் இரும்பைக் கடைந்து உருவம் எடுப்பவர். பட்டறைக்குக் கணினியில் ஓடும் இயந்திரம் வந்துவிட்டது. முப்பரிமாண மாடல் போடத் தெரிந்தவருக்குத்தான் அதில் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் வந்தார்.

நாம் சின்ன வட்டத்தில் தொடங்கி, மேலே மேலே ஒட்டி வளர்ப்போம். அதுதான் எளிது. அவர் முதலில் ஒரு முழு உருளையைப் போடுவார். பிறகு வெட்டுவார். வெட்டு, வெட்டு, வெட்டு மட்டும்.

“அண்ணே, இந்த எடத்துல ஒட்டிட்டா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்” என்றார் பயிற்றுநர்.

“இரும்புல ஒட்ட முடியாது சார்.”

“இது இரும்பு இல்லண்ணே.”

“நாளைக்கு இரும்புதான சார்.”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “மாப்ள, அண்ணே மவுஸப் பிடிச்சு லேத்து ஓட்டுறாருடா.”

அவர் திரும்பவில்லை. “வெட்டு ஓடுதுல்ல. வெட்டு ஓடையில பக்கத்துல பேசக் கூடாது மாப்ள. வெரலு போயிரும்.”

சிரித்தோம். அவருடைய இடது கையில் ஒரு விரலுக்கு நுனி இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அவருடைய பட்டறை முதலாளியே மையத்துக்கு வந்தார். புது இயந்திரத்துக்கு ஒரே ஓர் ஆள். யார் வேண்டுமானாலும் முயலலாம். இரண்டு பேருக்கு ஒரு பழைய பம்பு தண்டு. வெர்னியர் அளவுகோலால் அளந்து, இரண்டு மணி நேரத்தில் மாடலும் வரைபடமும் தர வேண்டும்.

அவருக்குக் கிடைக்காவிட்டால் பழைய லேத்தை விற்கும்போது அவரும் வெளியே. எனக்குக் கிடைக்காவிட்டால் எங்கள் திருநகர் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு முடிவாகிவிடும். அடுத்தடுத்த இருக்கைகள்.

சேமிக்காத கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். சேமித்தால் மறையும். அரை மணி நேரம் கழித்து அவருடைய திரையில் அதைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் பார்த்தேன். தானாகச் சேமிக்கும் வசதியை அங்கே அணைத்து வைத்திருந்தார்கள். பழைய கணினிகள் திணறும். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. என்னுடையதைச் சேமித்துக்கொண்டேன்.

மின்சாரம் போய் வந்தது. மூன்று வினாடிதான். யுபிஎஸ் தாங்கவில்லை. எல்லாத் திரையும் கறுப்பு. மீண்டும் திறந்தபோது என் மாடல் இருந்தது. அவருடைய திரை காலி.

“எங்க தாயி போச்சு?”

“சேவ் பண்ணலியாண்ணே?” என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“வெட்டுனது வெட்டுனதுதான. அத எதுக்கு சேவ் பண்ணணும்?”

வேடிக்கையாகச் சொல்லவில்லை. வகுப்பு முடியும்போது பயிற்றுநரே ஒவ்வொரு கணினியாக வந்து சேமித்துவிட்டுப் போவார். அதை வேலையில் ஒரு பகுதியாக அவர் நினைத்ததே இல்லை.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “அம்பது நிமிசம் இருக்கு. ஆரம்பத்துல இருந்து போடு, இல்ல எந்திரி.”

உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தார். கண்ணை மூடினார். வலது கை காற்றில் எதையோ மெல்லச் சுற்றியது. பிறகு உருளை. முதல் வெட்டு. இரண்டாவது வெட்டு. என் கை நின்றுவிட்டது. நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே. சேவ்.”

தலையை மட்டும் அசைத்தார். நட்சத்திரம் மறைந்தது. அடுத்த வெட்டில் வந்தது, மறைந்தது. நான் பிறகு சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

நான்கு நிமிடம் மீதி இருக்கும்போது முடித்தார்.

கடைசியில் முதலாளி எங்கள் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் தண்டின் விட்டம் என்னுடையதில் 24.70 மில்லிமீட்டர். அவருடையதில் 25. வெர்னியரை எடுத்துத் தண்டை அளந்தார். 24.70.

“தப்பா இருக்கே சோலமல.”

“தேஞ்ச துண்டு சார். புதுசுல இருவத்தஞ்சு. தேஞ்சத அப்படியே வரஞ்சா தேஞ்சதுதான் வரும்.”

முதலாளி வெர்னியரை மூடினார். “திங்கக்கெழம புது மிசினுக்கு வந்துரு.”

அவரிடம் பென்டிரைவ் இல்லை. “ஒன்னோடதுல போட்டு வைய்யி” என்றார். போட்டேன். கீழே டீக்கடையில் நின்றோம்.

“நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த, மொதத் தடவ” என்றார்.

நான் டம்ளரைப் பார்த்தேன்.

“வெட்டு ஓடையில பேசக் கூடாதுன்னு நாந்தான சொன்னேன். அதான் நீ பேசல.”

அது காரணமில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். என் கையில் ஒரு காரணத்தை வைத்துவிட்டு, டீயை ஊதிக் குடித்தார். நான் “ஆமாண்ணே” என்றேன்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. மாதம் ஒரு முறையாவது கூப்பிடுவார். “தாயி, இந்தக் கியரு பல்லு எப்படி வெட்டுறது?” சொல்வேன். உண்மையைச் சொல்லி அந்த ஆமாண்ணேயைத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைப் பற்றியே பேசி வைத்தேன்.

போஸ்டர் வந்த அன்று அந்தக் கோப்பைத் திறந்தேன். போட்ட வெட்டுகள் வரிசையாக நிற்கும் இடப்பக்கப் பட்டியலின் அடியில் ஒரு கோடு இருக்குமே, அதைப் பிடித்து மேலே இழுத்தேன். கடைசி வெட்டு மூடியது. அதற்கு முந்தையது மூடியது. தண்டு பருத்துக்கொண்டே போய் முழு உருளையாக நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு கோட்டைக் கீழே இறக்கினேன். அவர் வெட்டிய வரிசையிலேயே எல்லாம் திரும்பி வந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அந்தக் கோப்பு. மற்றது அவர் எனக்குக் கொடுக்காத ஒரு பழக்கம்: அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் நட்சத்திரம் தெரிந்தால் சொல்லிவிடுகிறேன். யாராக இருந்தாலும். வெட்டு ஓடிக்கொண்டிருந்தாலும்.