பானையின் அடியைப் பார்க்கிறவர்

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பழனியப்பன் பானையைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார். மூன்று பானைக்கும் மூன்று முறை. யாங்கூன் தாமுவேயில் எங்கள் தெருமுனையில், வழிப்போக்கர்கள் குடிப்பதற்காக அவர் வைத்திருக்கும் பானைகள் அவை. போன வாரம் சந்தையில் அவரே வாங்கியவை. அடியில் மண்ணைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது? இருந்தாலும் பார்ப்பார். பிறகுதான் ஊற்றி, மூடி, மூடிமேல் குவளையைக் கவிழ்ப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. கட்டம் போட்ட லுங்கி, பொத்தான் போடாத சட்டை. தெருவிலுள்ள பர்மியர்களுக்கு ‘கோ பழனி’, எனக்கு அண்ணன். தொழில் சமையல். உப்பு பார்க்க நாக்கில் வைக்க மாட்டார். ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். பத்துக்கு இரண்டு தடவை தப்பாகும். ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூன்று வருடம், அக்டோபர் பிறந்தால் தெற்கு ஈராக்கில் ஒரு சிற்றூருக்கு விமானம் ஏறினார். ஊரைச் சுற்றிலும் சுமேரியர் காலத்து மண்மேடுகள். அவற்றைத் தோண்ட வரும் வெளிநாட்டுக் குழுவுக்கு இவர் சமையல். ஊர் எப்படி என்று கேட்டால், “ஒரே தூசி தம்பி. கடைத்தெரு நம்ம தாமுவே பஜார்ல கால்வாசி. மீனு மட்டும் அருமை. அதுல மொஹிங்கா வெச்சேன், ரொட்டிக்கடைக்காரரு சட்டியோட வந்து நின்னாரு” என்பார். மொஹிங்கா என்றால் பர்மியரின் மீன்குழம்பு நூடுல்ஸ். சுமேரியரைப் பற்றி அவரிடம் அவ்வளவுதான் தேறும்.

மூன்றாம் வருடம்தான் வினை வந்தது. குழு தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் பெரிய பானையொன்று கழுவித் துடைத்து நின்றிருக்கிறது. யாங்கூனில் பிறந்த கை சும்மா இருக்குமா? வாய்வரை தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, குவளையையும் கவிழ்த்துவிட்டார்.

“தாகத்தோட வர்றவுக குடிக்கட்டும், குதோ சேருமேன்னு ஊத்தினேன்.” குதோ என்றால் புண்ணியம்.

அது நாலாயிரம் வருடத்துப் பானை. அறுபத்திரண்டு துண்டுகளைக் குழுத் தலைவி மார்த்தா நாற்பது நாள் உட்கார்ந்து, தற்காலிகப் பசையால் ஒட்டி நிறுத்தியிருந்தார். காலையில் பசை ஊறி, மறுபடியும் அறுபத்திரண்டு துண்டு. தோண்டியெடுத்த பொருளுக்கெல்லாம் கறுப்பு மையில் எண் எழுதுவார்களாம். இந்தப் பானைக்கு அடியில் எழுதியிருந்தது. இவர் பார்க்கவில்லை.

“திட்டியிருந்தா தேவல தம்பி. அந்தம்மா தரையில உக்காந்து துண்டு துண்டாப் பொறுக்குது. நான் கிட்டப் போனா, வேணாம்னு கையக் காட்டுது.”

விடைபெறும்போது வருடாவருடம் ‘அக்டோபரில் பார்க்கலாம்’ என்கிற மார்த்தா, அந்த முறை கைகுலுக்கியதோடு சரி. வழக்கமாக ஆகஸ்டிலேயே அழைப்பு வந்துவிடும். இது செப்டம்பர் கடைசி. தெருக்கோடி டீக்கடையில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள். இன்று வருகிறேன் என்று சொல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். மனைவி உமையாள் நேற்றே தீர்த்துச் சொல்லிவிட்டார்: “பானையக் கெடுத்த ஆள யாரு திரும்பக் கூப்புடுவா? பேசாம கடையில போயிச் சேருங்க.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இன்று காலை மூன்றாவது பானையைச் சாய்த்தபோது கைபேசி சிணுங்கியது. மார்த்தா ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே முற்றம், முக்காலிமேல் புதுப் பானை, மூடி, மூடிமேல் குவளை. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. நான்தான் படித்துச் சொன்னேன்: “இதில் எண் கிடையாது. பத்தாம் தேதிக்குள் வந்துவிடுங்கள்.”

பழனியப்பன் படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“கொவளைய நிமித்தி வெச்சிருக்காக. தூசி விழும்ல?”

தன் குவளையை அலசி, மூடிமேல் கவிழ்த்து, அதைப் படமெடுத்தார். நான் எடுக்கட்டுமா என்றேன், கைபேசியைத் தரவில்லை. முதல் இரண்டு படமும் கலங்கிப்போயின. மூன்றாவதை அனுப்பினார்.