நாற்பது தலைக்கட்டு

சாயங்காலம் நான்கரை மணிக்கு என் மகள் வீட்டுப்பாடத்துக்காகப் போனைப் பார்த்து வாசித்தாள்: "அம்மா, உங்க ஊரு மக்கள்தொகை நாப்பதாம். நம்ம பில்டிங்லயே இதவிட ஜாஸ்தி!" அவள் சிரித்தாள்.

மேற்கே பழவேற்காடு ஏரி, கிழக்கே கடல், நடுவில் மணல் திட்டில் எங்கள் குப்பம். விடிவதற்குள் ஆண்கள் வலையோடு போய்விட, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும், அவர்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே முழங்கால் தண்ணீரில் நடக்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளும், கருவாட்டின் மேல் இறங்கும் காக்கைகளைத் திட்டித் திட்டி விரட்டும் கிழவிகளுமாக நாள் முழுக்க இரைச்சலாகவே கிடந்த ஊர் அது. நாற்பது பேராம்!

துறைமுகத்துக்காக ஊரைக் காலிசெய்யச் சொன்னபோது, "எத்தனை தலை?" என்று அதிகாரி கேட்டான். ஊர்ப் பெரியவரான என் நைனா, "நாப்பது தலைக்கட்டு" என்றார். எங்களுக்குத் தலைக்கட்டு என்றால் ஊர்வரி கொடுக்கும் ஒரு குடும்பம். அவன் நாற்பது ஆள் என்று எழுதிக்கொண்டான். திருப்பி ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நாற்பது ஆளுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் மீஞ்சூர் வாடகை அறைகளில் சிதறினோம். ஊரை இடித்தவர்கள் அந்த எண்ணை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

இருட்டியதும் நைனா வந்தார். பேத்தி ஓடினாள். "தாத்தா, உங்க ஊர்ல எத்தினி பேரு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"தலைக்கட்டா, ஆளா? இன்னான்னு கேட்டுகினு எழுது கண்ணு. அன்னிக்கு அவன் கேக்கல."