மகளுக்கு மாவில்மட என்று பெயர்

பளீல் நானாவின் தொண்டை அலவத்துகொடை முழுக்கப் பிரசித்தம். கண்டி பஸ் நிலையத்தில், மாத்தளை பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு அவர் கூவினால், அந்தப் பக்கம் போகத் தேவையில்லாதவனுக்கும் ஒரு கணம் ஏறிப்பார்க்கலாமே என்று தோன்றும். "மாவில்மட, கட்டுகஸ்தோட்ட, அம்பதென்ன, அக்குறண, அலவத்துகொட, மாத்தளேஏஏ..." கடைசி ஊரை அவர் இழுக்கிற இழுவையில் பஸ் பாதித் தூரம் போய்விடும். வயிற்றுப்பிழைப்புக்காகக் கூவிய கொண்டக்டர்தான். ஆனாலும் தன் கூவலில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, குரல் இருக்கிறவனுக்குத்தானே கர்வம்.

அந்தத் தொண்டை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் படுத்துவிட்டது. சட்டை போட்டுக்கொண்டிருந்தவருக்கு வலது கை தொய்ந்தது, வாய் கோணிற்று, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி கைரியா பக்கத்தில் கதிரையில் இருந்தாள். மகள் மஸாஹிரா காலடியில் நின்றாள். இரண்டு பேரையும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பெயரும் தெரிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை.

முதல் சொல் அன்று பின்னேரம் ஊசி ஏற்றும்போது வந்தது. அது இங்கே எழுதக்கூடிய சொல் இல்லை. பஸ்ஸுக்குக் குறுக்கே பாயும் ஓட்டோக்காரர்களுக்கென்று அவர் வைத்திருந்த சொல். சுத்தமாக, உச்சரிப்புப் பிசகாமல் வந்தது. தாதி திகைத்துப் போனாள். கைரியாவோ இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ், பேசிட்டாரு" என்றாள்.

இரண்டாவதாக வந்த சொல்தான் வீட்டுக்கும் கூடவே வந்தது. பஸ்ஸில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லும் சிங்களம்: "இஸ்ஸரஹட்ட யன்ன." முன்னுக்குப் போங்க. தேத்தண்ணி வேண்டுமென்றாலும் அதுதான், காற்றாடியை நிறுத்து என்றாலும் அதுதான். நோய் விசாரிக்க வந்தவர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். இவர் பதில் ஸலாம் சொல்ல வாயைத் திறப்பார். "இஸ்ஸரஹட்ட யன்ன." அவர்கள் ஓரடி முன்னே வருவார்கள். நெருங்கி வந்துவிட்டார்களே என்று சங்கடத்தோடு மறுபடி வாயைத் திறந்தால் மறுபடியும் அதேதான். இப்படியே வந்து வந்து பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஒருவர் கட்டிலில் முழங்கால் இடித்துக்கொண்டார்.

இதைவிட அவருக்கு எரிச்சலூட்டியது, வந்தவர்கள் காதுக்கருகில் குனிந்து கத்தியது. செவிடன் இல்லை நான், பைத்தியமும் இல்லை என்று சொல்லவேண்டும் போலிருக்கும். சொன்னால் எது வரும் என்று தெரியும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

மகளின் பெயர்தான் எல்லாவற்றிலும் மோசம். "ம" என்று தொடங்கியதும் நாக்கு தானாகவே மிதிபலகையில் ஏறிவிடும். "மாவில்மட, கட்டுகஸ்தோட்ட, அம்பதென்ன..." ஏறினால் நடுவில் இறங்க வழியில்லை. மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நிற்கும். மஸாஹிரா முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் சிரித்தாள். அதற்குப் பிறகு, "ஓ வாப்பா, மாவில்மட வந்தீக்கி, என்னத்த வேணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து நிற்பாள். ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகள்கூட அவளை மாவில்மட ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பளீலும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்ளுக்குள் வெந்தார். இவள் பிறந்தபோது காதில் பாங்கு சொல்லி, அந்தப் பெயரை முதலில் உச்சரித்த வாய் இது.

அவளுக்கு நிகாஹ் வேறு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஹுதைபா, அக்குறணையில் மருந்துக்கடை வைத்திருக்கிற பையன், அமைதியானவன். நிகாஹ் மேடையில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்ன மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று வாயால் சொல்லவேண்டும். ஒரேயொரு வசனம். ஆனால் அதில் மகளின் பெயர் இருக்கிறது.

பளீலின் தம்பி ரஸீன் வந்து விஷயத்தைப் பேசினான். "நானா, நீங்க என்னைய வகீலாப் போட்டா அந்த வசனத்த ஒங்களுக்குப் பதிலா நான் செல்றேன். மார்க்கத்தில எடம் ஈக்கி. சபையில வெச்சி நீங்க மாத்தளைக்குப் போய்ட்டா, மாப்பிள வீட்டாக்கள் என்ன நெனப்பாங்க?"

நியாயமான பேச்சுத்தான். கோபப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் பளீலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கிருப்பது ஒரே மகள், அவளை என் வாயால்தான் கொடுப்பேன் என்று சொல்ல எழுந்தார். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்றார். ரஸீன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கைரியாவுக்கு மட்டும் விளங்கிற்று. "அவருதான் செல்லணுமாம்" என்றாள். இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியவளுக்குச் சொல்லா முக்கியம், முகம் போதாதா.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் சுகிர்தா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, படித்துவிட்டுக் கண்டிக்கு வேலைக்கு வந்தவள். அவள் காதுக்கருகில் கத்தவில்லை. அதிலேயே பளீலுக்குப் பாதிக் குணம். ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் அவர் தலையைத் தொட்டுத் தொட்டு, தோட்டத்தில் பாத்தி காட்டுவதுபோலக் காட்டினாள்.

"இது இடப்பக்கம். நெத்திப்பொட்டுக்குக் கொஞ்சம் மேல, இந்த இடந்தான் சொல்லைக் கட்டி வாய்க்குக் குடுக்கிறது. உங்களுக்கு ரத்தம் போகாமல் போனது இங்க. காதுக்குப் பின்னால இருக்கிறது விளங்கிற இடம். அது நல்லா இருக்கு. அதாலதான் நான் கதைக்கிறது எல்லாம் விளங்குது, என்ன நானா?"

பளீல் தலையை ஆட்டினார். கண் கலங்கிற்று. எனக்கு விளங்குகிறது என்று இத்தனை நாளில் ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாளே.

"அப்ப பஸ்ஸுக்குக் கூவுறது மட்டும் எங்கேந்து வருது?" என்று கைரியா கேட்டாள். அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். தொழுகையில் ஓதுவதும் பிசகாமல் வருகிறது, எண்ணுவதும் வருகிறது, ஏசுவதோ கேட்கவே வேண்டாம்.

"ஓம், அது வேற இடம்" என்று சுகிர்தா பென்சிலை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். "ராகம், இழுவை, பாட்டு எல்லாத்துக்கும் இந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அதைவிட ஆழத்தில, பழகிப் பழகித் தானா நடக்கிற விஷயங்களுக்கு ஒரு இடம். நானா அந்தக் கூவலை எத்தனை தரம் கூவியிருப்பார்? அதை யோசிச்சுக் கூவேல்ல. அது தானா ஓடுது."

பிறகு பளீலைப் பார்த்தாள். "நானா, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை மூடினால் பஸ் என்ன செய்யும்?"

சுற்றிப் போகும். இது தெரியாதா? பளீல் இடது கையால் காற்றில் ஒரு பெரிய வளைவு போட்டுக் காட்டினார்.

"அதைத்தான் நாங்களும் செய்யப் போறம்" என்றாள் சுகிர்தா. "பாதையும் ராகமும் உங்கடதான். ஊர்ப் பேரை மட்டும் கழட்டிப்போட்டு, வேற சொல்லை மாட்டுவம். எல்லாருக்கும் இது சரிவரும் எண்டு சொல்லமாட்டன். உங்களுக்கு வரும் எண்டு நினைக்கிறன்."

வீட்டில் மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து சொல் மாட்டினார்கள். மா-வில்-ம-ட: மேசையில் நாலு தட்டு. மஸாஹிராவும் நாலு தட்டு. தட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தது மஸாஹிராதான். ம-ஸா-ஹி-ரா. இருபத்தைந்து வயசு வரைக்கும் தன் பெயர் ஒரு பஸ் தரிப்பிடத்தோடு இப்படிப் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டைக்கு "என்ட மகள". அம்பதென்னைக்கு "ஒங்களுக்கு". அக்குறணைக்கு "நிகாஹ் செஞ்சு". அலவத்துகொடைக்கு "தந்திட்டேன்". மாத்தளைக்குச் சொல் மிஞ்சவில்லை. வீடு அலவத்துகொடையில்தானே, அதற்கு மேல் பஸ் போகத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பயிற்சி இலேசாக நடக்கவில்லை. பளீல் இடது கையால் மேசையில் தட்டுவார், எதிரே மகளும் தட்டுவாள். "மா..." என்று நெடிலாக வந்துவிட்டால் தீர்ந்தது, பின்னால் வில்மடையும் கட்டுகஸ்தோட்டையும் வரிசையாக வந்து நிற்கும். குறிலாக, "ம" என்று வெட்டித் தொடங்கவேண்டும். ஒரு நாள் பாதித் தூரம் போய், "மஸாஹிரா, என்ட மகள, அம்பதென்ன" என்று மகளை அம்பதென்னையில் இறக்கிவிட்டார். கைரியா சிரிப்புத் தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். இன்னொரு நாள் ஒன்றுமே வராமல் மேசையை ஓங்கிக் குத்திவிட்டு எழுந்துபோனார். மறுநாள் காலையில் அவரே வந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்.

நிகாஹ் நடத்தி வைக்கிற லெப்பையிடம் கைரியாவே போய்ச் சொன்னாள், இவர் பஸ் ராகத்தில்தான் சொல்லுவார் என்று. லெப்பை தாடியைத் தடவிக்கொண்டார். "சொல் சரியா ஈந்தாப் போதும். ராகத்தப் பத்தி நான் ஒண்டும் கேக்கமாட்டேன்" என்றார்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்துக்கு மரத்தடுப்பு வைத்து மறைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் மஸாஹிரா இருந்தாள். மேடையில் ஹுதைபா பளீலின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிடிக்க ஏலாத கை என்று தெரிந்து, அவனே இறுக்கிப் பிடித்தான். ரஸீன் அண்ணனுக்குப் பின்னால் தயாராக இருந்தான். லெப்பை மஹர் விவரத்தை வாசித்து முடித்துவிட்டு, "செல்லுங்க நானா" என்றார்.

பளீல் இடது கையை முழங்காலில் வைத்தார். தட்டினார்.

"மா..." என்று வந்தது. நெடில்.

அவருக்கே கேட்டுவிட்டது. அடுத்த எழுத்து "வில்" என்று உதட்டில் வந்து நிற்கிறது. வாயை விட்டால் பஸ் புறப்பட்டுவிடும், சபைக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், மாத்தளை வரைக்கும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பெரியவர்கள் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ரஸீன் தொண்டையைச் செருமினான். பளீலுக்கு அவமானத்தில் காது சுட்டது. இவ்வளவு பாடுபட்டும் இதற்குத்தானா என்று நினைத்தார்.

அப்போது மரத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுச் சத்தம் கேட்டது. நாலு தட்டு. அவசரமில்லாமல், விரல் முட்டியால் பலகையில் தட்டுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், நாலு தட்டு. வீட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து தட்டுவாளே, அதே தட்டு.

பளீல் மூச்சை இழுத்தார்.

"ம-ஸா-ஹி-ரா, என்ட மகள, ஒங்களுக்கு, நிகாஹ் செஞ்சு, தந்திட்டேஏஏன்."

பழைய தொண்டை. கண்டி பஸ் நிலையத்துத் தொண்டை. அந்த பஸ்ஸில் போய் வந்தவர்கள்தான் சபையில் பாதிப் பேர். ராகம் அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லெப்பையின் தாடி மட்டும் குலுங்கிற்று. ஹுதைபா பாவம், அத்தனை பக்கத்தில் அந்த ராகத்தைக் கேட்டதில் அவனுக்கும் அது தொற்றிவிட்டது. "ஏத்துக்கிட்டேஏஏன்" என்று அவனும் இழுத்தான். அதற்குப் பிறகு சபையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ரஸீன் அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்புகிற நேரம். பூக்கட்டிய கார் வாசலில் நின்றது. மஸாஹிரா ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். "தட்டுங்க வாப்பா" என்றாள். பஸ் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம், ஒரு தட்டென்றால் நிறுத்து. ஊர் அறிந்த கணக்கு இது.

பளீல் இடது கையை ஓங்கிக் காரின் கதவில் தட்டினார். ஒரு தட்டு.

சாரதி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். கை மறுபடி எழவில்லை. இதற்கு மூளையில் ரத்தம் போகாத இடத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

"மஸாஹிரா" என்றார்.

தட்டவில்லை, இழுக்கவில்லை. சாதாரணமாக, வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி வந்தது. கைரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, ராகம் இல்லாம செல்லிட்டீங்க" என்றாள் மகள். கண்ணில் தண்ணீர் நின்றது.

நல்லா இரு மகள், பயப்படாதே, என்று அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தார்.

"இஸ்ஸரஹட்ட யன்ன."

ஒருவரும் சிரிக்கவில்லை. மஸாஹிரா தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவர் சொல்ல நினைத்ததும் அதுவேதான். கதவில் இரண்டு தட்டுத் தட்டினார், கார் நகர்ந்தது.