இன்றைக்கு ஆறு பூட்டு

மீன் கடையில் நிற்பவருக்குக் கையில் ஒட்டிய நாற்றம் தேசிக்காய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். காதில் விழுந்த கதைகள் போகாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, அது மீனோ புடவையோ கொத்துரொட்டியோ, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் வேலை செய்வது மில்லிக்கன் என்ற ஊரில், ஒரு பிளாசாக் கடைத்தொகுதியில் இருக்கும் தமிழ் மீன் கடையில். மீனுக்கு ஓடர் போடுவதும், வருகிற சனத்துக்குப் பதில் சொல்வதும் என் பாடு. போன வருஷம் வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். நாட்டின் மறுபக்கம், மேற்குக் கரையில் ஒரு பூர்வகுடிச் சனம் தங்கள் ஆற்றில் பிடிக்கும் சல்மனை விமானத்தில் எடுப்போம் என்று முதலாளி குலம் அண்ணையைக் கெஞ்சினேன். அவர்களின் மீன்பிடியை நிர்வகிக்கும் லோறா என்ற பெண் போனிலேயே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். ஆற்றிலேயே பிறக்கும் காட்டு மீன் அருகிவிட்டது, அதைத் தொடமாட்டார்கள். தொட்டியில் பொரிக்கவைத்து, ஆற்றில் விட்டு, கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பி வரும் மீன் மட்டுமே விற்பனைக்கு. வலையில் காட்டு மீன் அதிகமாக ஏறினால் அது கடந்து போகும்வரை வலை போடாமல் ஆற்றையே பூட்டிவிடுவார்கள். பொறுத்திருந்து வாங்க ஆட்கள் இருந்தால்தான் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிப்பது கட்டுபடியாகும் என்றார்.

குலம் அண்ணை நாடியைச் சொறிந்தார். "ஒரு சீசன் பாப்பம். சனம் முகத்தைச் சுழிச்சா நிப்பாட்டிப்போடுவன்" என்றார். எங்கள் சனத்தின் முகம் எவ்வளவு சுலபமாகச் சுழியும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் தலையைக் கொடுத்தேன்.

குட்டிச் செட்டை

தொட்டியில் பொரித்த குஞ்சை ஆற்றில் விடுவதற்கு முன்னர், முதுகில் வால் பக்கமாக இருக்கும் குட்டிச் செட்டையை, அதாவது துடுப்பை, நறுக்கி விடுவார்கள். அதுதான் அடையாளம். பிடிக்கும்போது செட்டை இருந்தால் காட்டு மீன், உயிரோடு தண்ணீருக்கே திரும்பிப் போகும். இல்லாவிட்டால் பெட்டிக்குள். ஆகவே எங்கள் கடைக்கு வந்த சல்மன் ஒன்றுக்கும் அந்தச் செட்டை கிடையாது.

முதல் பெட்டி வந்த அன்றே ஒரு அன்ரி மீனைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் ஆதியோடந்தமாக விளங்கப்படுத்தினேன். அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒரு ஆளாவது கேட்கிறாரே என்று. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நல்லதை ஆத்தில விட்டுட்டு ஊனமானதை எங்கட தலையில கட்டுறியள். எனக்குச் செட்டையோட ஒண்டு எடுத்து வையும் பிள்ளை."

மற்றவன் விரதம்

முதல் தடவை ஆறு பூட்டியது நல்லூர்த் திருவிழாக் காலத்தில். இங்கேயும் எங்கள் ஆட்களில் பலர் கொடியேறினால் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் கடையில் ஈ ஓட்டலாம். திருவிழா முடிந்த கையோடு திருநீறு பூசிய நெற்றியோடு ஒரு அங்கிள் வந்தார். சல்மன் வேண்டுமாம். இல்லை என்றேன். முகம் கறுத்தது.

விரதகாரர் விளங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில், "நீங்கள் இவ்வளவு நாளும் இருந்த மாதிரித்தான் அங்கிள், அந்தச் சனம் தங்கட ஆத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கினம்" என்றேன். உவமை சொல்லிச் சனத்தைத் திருத்தலாம் என்று நினைத்தது என் மடைத்தனம். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி சொன்னார்: "என்ர விரதம் நேற்றோட முடிஞ்சுது. மற்றவன் பிடிக்கிற விரதத்துக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேணும்?"

கூழுக்குத் தலை

பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ஒருவர் வந்தார். மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வீட்டில் மீன் போட்டுக் கூழ் காய்ச்சுகிறாராம், சல்மன் தலை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். கூழுக்குச் சல்மன் தலை போடலாமா என்று கேட்காதீர்கள், அது அவருடைய மனைவியின் தலைவிதி. எடுக்க வந்த அன்று ஆறு திரும்பவும் பூட்டு.

"ஆதிவாசியளுக்குக் கவுண்மென்ற் சும்மா காசு குடுக்குது. வேலை செய்யப் பஞ்சி, அதுதான் பூட்டு" என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அகதியாக வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அங்கே லிப்ற்றுக்குள் எங்களைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இதே வசனத்தைச் சொன்னார். அஜக்ஸ்காரரும் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்தான். ஞாபகப்படுத்தினேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை: "அது வேற பிள்ளை. எங்களைப் பற்றி அவன் சொன்னது பொய்."

எங்கட கடல்

மீன் வெட்டுகிற சூசை அண்ணை மன்னார்க்காரர். அவருடைய தம்பி இன்னமும் அங்கே கடலுக்குப் போகிறார். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவைப் படகுகளால் வலையில் ஒன்றும் படுவதில்லை என்று போன் எடுத்து அழுவாராம். ஒரு சனிக்கிழமை அந்தப் படகுகளுக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்க ஒரு ஐயா கடைக்கு வந்தார். சூசை அண்ணை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் போட்டார்கள். "குஞ்சையும் முட்டையையும் வழிச்சு அள்ளினா நாளைக்குக் கடலில என்ன மிஞ்சும்?" என்று ஐயா கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கடதாசியைப் பையில் வைத்துவிட்டு ஐஸ் தட்டைப் பார்த்தார். சல்மன் இல்லை. ஏன் என்று சொன்னேன். அடுத்த பிளாசாவில் எந்த நாளும் கிடைக்கிறதே என்று சலித்துக்கொண்டார். சூசை அண்ணை கத்தியை வைத்துவிட்டு, "ஐயா, நீங்கள் இப்ப சொன்னதைத்தானே அந்தச் சனமும் செய்யுது" என்றார். ஐயா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்: "அது எங்கட கடல் தம்பி. இது ஆரோவின்ர ஆறு."



கடைசிப் போன்

பருவம் முடிந்ததும் குலம் அண்ணை என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாடிக்கை எல்லாம் அடுத்த பிளாசாவுக்குப் போய்க்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இனி எந்த நாளும் கிடைக்கிற, கூட்டில் அடைத்து வளர்த்த சல்மனை எடுப்பதாக முடிவு. "நீங்கள்தானே கொண்டு வந்தனீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கோ" என்றார்.

லோறாவுக்குப் போன் எடுத்து, இனி வாங்கமாட்டோம் என்றேன். மீனில் ஏதாவது பிழையா என்று கேட்டார். இல்லை, மீன் தங்கம் என்றேன். வேறு யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். இதுவரை வேறு ஒருவரும் கிடைக்கவில்லை என்றார்.   பிறகு அவர் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இந்த வருஷம் காட்டு மீன் முந்தியைவிடக் கூடுதலாக ஆற்றில் ஏறியிருக்கிறது. எங்கள் கடலுக்கு மிகத் தூரத்தில் இருந்து வாங்கினவர்கள் நீங்கள். இந்த நல்ல செய்தியை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்."

மீன் திரும்பி வரும்வரை ஒரு சனம் வருஷக்கணக்காகப் பொறுத்திருந்தது. எங்கள் சனத்துக்கு அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை.